ஏழைப் பண்ணையின் எழுபத்தொரு கற்கள்

பெல்டன் கவுண்டியில் எந்தச் சாலை எந்த மழைக்குக் குழி விழும், எந்த மேட்டில் பனி முதலில் உறையும் என்று கேட்டால் ஆர்டிஸ் ப்ரெம்மர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். முப்பத்துநாலு வருஷம் கவுண்டியின் சாலைத் துறையில், சாலையைச் சமன்செய்யும் கிரேடர் வண்டி ஓட்டியவள். அயோவா மாநிலத்தின் அந்தப் பக்கத்தில் அந்த வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் அவள்தான். ஓய்வுபெற்று நாலு வருஷமாகியும், சரளைச் சாலையில் யாராவது தப்பாகச் சரிவு வைத்திருந்தால் வண்டியை நிறுத்தி இறங்கி நின்று திட்டிவிட்டுத்தான் போவாள்.

கவுண்டி பிறந்து நூற்றெழுபத்தைந்து வருஷமாகிறது என்று விழாக் கமிட்டி போட்டபோது அவளையும் அதில் சேர்த்தார்கள். சரித்திரம் தெரிந்தவள் என்பதற்காக இல்லை. பழம்பெருமை உள்ள பதினோரு இடங்களில் வெண்கலப் பலகை வைப்பதாக ஏற்பாடு. கம்பத்தை எங்கே நட்டால் பனி தள்ளும் வண்டி வந்து இடிக்காது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

மார்ச் மாதம், வெளியே ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், நீதிமன்றக் கட்டடத்தின் மாடியில் கமிட்டி கூடியது. தலைமைக்கு ஜெனீவ் ஸ்டக்கி. எழுபத்தெட்டு வயது. உள்ளூர்ப் பள்ளியில் நாற்பது வருஷம் ஏழாம் வகுப்பு எடுத்தவர். அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பாதிப் பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். கவுண்டி சபையின் சேர்மன் மெர்ல் ஹாவர்காம்ப்பும் வந்திருந்தார். அவரும் ஆர்டிஸும் ஒரே வகுப்பு.

விழா மலருக்கு எழுதியிருந்ததை மிஸஸ் ஸ்டக்கி வாசித்தார். கல்லால் கட்டிய மாவு மில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டில் ரயில் கவிழ்ந்த வளைவு, வட்டக் களஞ்சியம், முதல் பள்ளிக்கூடம் என்று பட்டியல் போனது. கடைசியில் ஒரு வரி. "பெல்டன் கவுண்டி தன் மக்களில் ஒருவரையும் என்றும் கைவிட்டதில்லை."

கம்பம் நடும் இடங்களை வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்த ஆர்டிஸின் பென்சில் நின்றது.

"மிஸஸ் ஸ்டக்கி, அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ படிங்க."

அவர் படித்தார்.

"அதுல என்ன குத்தம்? அழகாத்தானே இருக்கு?" என்றார் மெர்ல்.

"அழகா இருக்கு. பொய்யாவும் இருக்கு. ஏழைப் பண்ணைய எங்க காணோம்?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கவுண்டியின் வடக்கு ஓரத்தில் ஒரு காலத்தில் ஏழைப் பண்ணை என்று ஒன்று இருந்தது. வீடு போனவர்கள், சித்தம் கலங்கியவர்கள், வயிற்றில் பிள்ளையோடு துரத்தப்பட்ட பெண்கள், பார்க்க ஆளில்லாத கிழவர்கள் எல்லோரையும் கவுண்டி அங்கே கொண்டுபோய் வைத்து வேலை வாங்கிச் சோறு போட்டது. செத்தால் அங்கேயே ஒரு மூலையில் புதைத்தது. கட்டடம் இடிந்து அறுபது வருஷமாகிறது. ஊரில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் யார் வீட்டுச் சொந்தக்காரர் அங்கே கிடந்தார் என்று கேள்வி வரும்.

மெர்ல் சிரித்தார். "அது மக்காச்சோளக் கொல்லை ஆர்டிஸ். சோளத்துக்கெல்லாம் பலகை வைக்க ஆரம்பிச்சா அயோவா பூரா வெண்கலம்தான் நிக்கும்."

நாலு பேர் சிரித்தார்கள்.

"சோளத்துக்கு அடியில எழுபத்தொரு பேர் கெடக்காங்க."

"யார் சொன்னது? ஒரு கல்லு இருக்கா அங்க? ஒரு சிலுவை? ஒரு குச்சி?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"இல்லதான். ஆனா இருந்துச்சு. நான்தான் புடுங்கினேன்."

மிஸஸ் ஸ்டக்கி கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார்.

ஆர்டிஸுக்கே அதைச் சொல்லிவிட்டோம் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் உறைத்தது. புருஷனிடம்கூடச் சொல்லாத விஷயம். அவர் செத்தே ஒன்பது வருஷமாகிறது. முப்பத்தெட்டு வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்தது, ஒரு பொய்யான வரி காதில் விழுந்ததும் தானாக வெளியே வந்துவிட்டது. வந்ததை இனி உள்ளே தள்ள முடியாது. எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தாள்.

எண்பத்தாறாம் வருஷம் மே மாதம். அவளுக்கு இருபத்துமூன்று வயது. வேலையில் சேர்ந்து நாலு மாதம்; இன்னும் நிரந்தரமாக்கவில்லை. பெண் ஒருத்தி கிரேடரில் ஏறியதே பிடிக்காத கூட்டம், எப்போது தவறு செய்வாள் என்று காத்திருந்தது. அப்போதைய கவுண்டி சபை பண்ணை நிலத்தைக் குத்தகைக்கு விட முடிவுசெய்தது. மூலையில் வரிசையாக நின்ற சிமெண்ட் கட்டைகள் உழவுக்கு இடைஞ்சல். ஒவ்வொன்றும் ஒரு முழு நீள ரொட்டி அளவில் இருக்கும். மேலே பெயர் கிடையாது, எண் மட்டும் அழுத்தியிருக்கும். "போய் எடுத்துப் போட்டுட்டு வா. வெறும் நம்பர்தான், ஆளு யாரும் இல்ல" என்றார் மேலாளர். பன்னிரண்டாம் எண் கட்டையைச் சுற்றி யாரோ ஊதா ஐரிஸ் பூச்செடி வைத்திருந்தார்கள். பூத்திருந்தது. ஆளில்லாத இடத்தில் பூவை யார் வைத்தது என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனாலும் வேலை போய்விடுமே என்று சங்கிலி மாட்டி எழுபத்தொன்றையும் இழுத்தாள். பூவின் மேலும் பிளேடை ஓட்டினாள். கட்டைகளை லாரியில் ஏற்றி, வாத்து ஓடைப் பாலத்தடியில் கரை அரிக்காமலிருக்கக் கொட்டினாள். அந்த வாரமே வேலை நிரந்தரமாயிற்று.

"இப்ப சொல்லுங்க, யாரையும் கைவிட்டதில்லையா?" என்று முடித்தாள்.

மிஸஸ் ஸ்டக்கி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கூட்டம் அத்தோடு கலைந்தது.

கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் மெர்ல் அவளைப் பிடித்தார். சிரிப்பெல்லாம் போயிருந்தது.

"பைத்தியமா உனக்கு? அந்த நிலத்தப் பன்னிக் கொட்டகை போடற கம்பெனிக்குப் பேசி முடிச்சாச்சு. நாலாயிரம் பன்னி. இருபது பேருக்கு வேலை. இப்பப் போயி பொணம் இருக்கு, பூதம் இருக்குங்கறே."

"இருக்கே."

"கல்லறைய ஒடைக்கறது குத்தம். தெரியுமில்ல? நீயே ஒத்துக்கிட்ட, பத்துப் பேர் முன்னால. நான் ஷெரிப்பக் கூப்பிட்டா என்ன ஆவுமுன்னு யோசிச்சியா?"

"ஷெரிப் ஆபீஸ் போன் நம்பர் தெரியுமா, நான் சொல்லட்டுமா?"

மெர்லுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "செத்துப்போனவங்களுக்கு நீ என்ன பண்ணப் போறே ஆர்டிஸ்? அவங்களுக்கு ஒண்ணும் வேண்டியதில்ல."

"எனக்கு வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியைக் கிளப்பினாள்.

பண்ணையின் அந்த மூலையைக் கல்லறை நிலமாக ஏற்க வேண்டும் என்று ஏப்ரலில் கவுண்டி சபையிடம் முறையாக மனுக் கொடுத்தாள். மூன்று பேர் சபையில் மூன்று பேரும் எதிராகக் கை தூக்கினார்கள். "ஆதாரம் இல்லை" என்று எழுதிக்கொண்டார்கள். கடைத்தெருவில் பேச்சு பலவிதமாக ஓடியது. வயதான காலத்தில் பேப்பரில் பெயர் வர ஆசை என்றார்கள் சிலர். தபாலாபீசில் பின்னால் நின்ற ஒருத்தி, இவள் காதில் விழும்படியே, "புடுங்கினதும் இவதான், பொலம்பறதும் இவதான்" என்றாள். ஆர்டிஸ் திரும்பி, "சரியாச் சொன்னே" என்று சொல்லிவிட்டுத் தபால்தலை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்து வந்தவர் லாயிட் பெட்ராக். ஏழைப் பண்ணை நிலத்தை அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு எடுத்து உழுகிறவர். பிக்கப் வண்டியை அவள் வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமலே கத்தினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? ஏற்கெனவே பன்னிக்காரனுக்குக் குடுக்கறேன்னு மெர்ல் புடுங்கப் பாக்கறான். இப்ப நீ செத்தவனுக்குக் குடுக்கறேங்கறே. நடுவுல நான் என்ன, புல்லா?"

"கத்தாத லாயிட். ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லு. விதைக்கறப்போ அந்த வடமேற்கு மூலையில வண்டி சமமாப் போவுமா?"

லாயிட் கண்ணை வடக்குப் பக்கம் திருப்பினார்.

"எறங்கி எறங்கி ஏறும், இல்ல? ஆறடிக்கு ஒரு தடவ. வரிசையா."

லாயிட் இன்ஜினை அணைத்தார்.

"எங்கப்பா, அந்த மூலையில மெதுவா ஓட்டுடாம்பாரு" என்றார் தாழ்ந்த குரலில். "ஏன்னு சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல."

மே மாதம் ஊர் முழுக்க விதைப்பு முடிந்தபோது அந்த மூலையில் இரண்டு ஏக்கர் மட்டும் சும்மா கிடந்தது. ஏன் என்று கேட்டவர்களிடம், "விதை பத்தல" என்றார் லாயிட். நாற்பது வருஷமாக விதை பத்தாமல் போனதே இல்லை அவருக்கு.

ஜூன் முதல் வாரம் ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. ஆர்டிஸ் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கடப்பாரையோடு பாலத்தடியில் இறங்கினாள். ஒவ்வொன்றும் முப்பது பவுண்டுக்குக் குறையாது. சேற்றில் முக்கால் புதைந்து, பாசி பிடித்து, சாதாரணப் பாறை மாதிரிக் கிடந்தன. முதல் நாள் முழுக்க ஒற்றை ஆளாக மல்லுக்கட்டி ஏழு எடுத்தாள். இரண்டாம் நாள் காலையில் பாலத்துக்கு மேலே இரும்புச் சத்தம் கேட்டது. லாயிட் சின்ன லோடர் வண்டியையும், ஒரு டிரெய்லர் நிறையப் பாறையும் கொண்டுவந்திருந்தார்.

"நீ ஒண்ண எடுத்தா நான் ஒண்ணப் போடறேன். கரை போயிடுச்சுன்னு அப்புறம் எவனும் சொல்லக் கூடாது" என்றார். சொல்லிவிட்டு முதல் பாறையை இறக்கினார்.

மூன்றாம் நாள் ஷெரிப் அலுவலகத்திலிருந்து டெபுடி ரென்னர் வந்தார். முப்பது வயதிருக்கும். பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்தார்.

"மேடம், சேர்மன் போன் பண்ணாரு. நீங்க பாலத்துக் கரைய ஒடைக்கறீங்களாம்."

"கண்ணு இருக்குல்ல, நீயே பாரு. கரை முன்னவிடக் கெட்டியா இருக்கு."

"இருந்தாலும் அந்தக் கல்லு கவுண்டி சொத்து. எடுக்கக் கூடாது."

ஆர்டிஸ் இடுப்பை நிமிர்த்தி, கையிலிருந்த கட்டையைத் தண்ணீரில் அலசி, எண் தெரியும்படி அவரைப் பார்த்துத் திருப்பினாள். நாற்பத்துநாலு.

"கவுண்டி சொத்துதான். அதத்தான் நானும் மூணு மாசமாக் கத்திக்கிட்டிருக்கேன். இவங்க கவுண்டியோட ஆளுங்க, கவுண்டிதான் பாத்துக்கணும்னு. கைது பண்றதுன்னா பண்ணு தம்பி. சேறு கழுவிட்டு வர்றேன், உன் கார் சீட்டு நாறிடும்."

ரென்னர் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தார். "இது யாரு?" என்றார்.

"தெரியல. அதான் கேவலம்."

அவர் கைது செய்யவில்லை. ஆனால் கடமையை விடவும் இல்லை. கோர்ட்டுக்கு வரச்சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கிழித்து, குனிந்து நீட்டினார். ஆர்டிஸ் ஈரக் கையால் வாங்கித் தொப்பிக்குள் செருகிக்கொண்டு அடுத்த கட்டைக்குப் போனாள். மறுநாள் இன்னொரு சீட்டு. அதற்கு மறுநாள் ரென்னர் வரவில்லை.

பத்து நாளில் அறுபத்துநாலு கட்டைகள் கிடைத்தன. ஏழு கிடைக்கவே இல்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கலாம். இரண்டாக உடைந்து கூழாங்கல்லோடு கலந்திருக்கலாம்.

விழாவுக்கு முந்தின நாள் மாலை மிஸஸ் ஸ்டக்கி அவள் வீட்டுக்கு வந்தார். கஞ்சி போட்ட காலர், சட்டையில் குத்திய அலங்கார ஊசி, எல்லாம் வழக்கம்போல. கையில் துணியில் சுற்றிய தடித்த புத்தகம் ஒன்று.

"ஏழைப் பண்ணையோட பதிவேடு. நம்பர், பேர், வயசு, எதனால செத்தாங்க, எல்லாம் இருக்கு. நீதிமன்றத்து நிலவறையில இருந்துச்சு."

"எப்ப கெடச்சுது உங்களுக்கு?"

"பதினாறு வருஷம் முன்னால." மிஸஸ் ஸ்டக்கி அவளை நேராகப் பார்த்தார். "முழுசாப் படிச்சேன். படிச்சிட்டு எடுத்த எடத்துலயே வச்சுட்டேன். ஊர்ல சண்ட வேணாம்னு. அந்த வரிய எழுதினதும் நான்தான்."

கோபம் வரும் என்று ஆர்டிஸ் நினைத்தாள், வரவில்லை. தன்னைப் போல இன்னொருத்தி என்ற எண்ணம்தான் வந்தது.

"காபி போடட்டுமா மிஸஸ் ஸ்டக்கி?"

"போடு. கொஞ்சம் கெட்டியாவே போடு."

சனிக்கிழமை காலை ஊர்வலத்துக்கு வந்த ஜனங்கள் நீதிமன்றப் புல்தரையைப் பார்த்து அப்படியே நின்றார்கள். எட்டு வரிசையில் சிமெண்ட் கட்டைகள். ஓடைச் சேறு காய்ந்து, எண் மட்டும் கம்பித் துடைப்பத்தால் தேய்த்து வெளுத்திருந்தது. கிடைக்காத ஏழின் இடம் காலியாக விடப்பட்டிருந்தது. வரிசையின் தலைமாட்டில் ஆர்டிஸ் தன் பழைய சாலைத் துறைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள். காலரில் கவுண்டியின் முத்திரை.

மெர்ல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பெருவிழாவென்று போ டை கட்டியிருந்தார். அது கழுத்தில் கோணிப்போயிருந்தது.

"இதையெல்லாம் ஒடனே எடு."

"ஒரு தடவ நீங்க சொல்லி எடுத்தேன். போதும்."

"நான் சொல்லல, அப்ப நான் சபையிலயே இல்ல!"

"இப்ப இருக்கேல்ல? இப்ப நீ சொல்றே. அதே வார்த்ததான் மெர்ல், வாய்தான் வேற."

மெர்ல் திரும்பி ரென்னரைத் தேடினார். ரென்னர் தெருமுனையில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவதில் மிக மும்முரமாக இருந்தார். பள்ளிக்கூட பாண்டு வாத்தியக் குழு புல்தரை வழியாக அணிவகுக்க வேண்டும். டிரம்ஸ்காரப் பெண் கட்டைகளைப் பார்த்து நின்றாள், பிறகு குழு முழுவதையும் சுற்றிக்கொண்டு தெருவழியாக அழைத்துப் போனாள்.

மேடையில் மிஸஸ் ஸ்டக்கி ஒலிபெருக்கி முன்னால் நின்றார். விழா மலரிலிருந்து கவுண்டியின் சரித்திரத்தை வாசிக்க வேண்டும் என்பது நிகழ்ச்சி நிரல். கையிலிருந்த மலரை நாற்காலியில் வைத்தார். தடித்த புத்தகத்தைத் திறந்தார்.

"ஒண்ணாம் நம்பர்" என்று தொடங்கினார். "ஆன்டன் சுமேக்கர். வயசு எழுபத்திரண்டு. மாரடைப்பு. ரெண்டாம் நம்பர். பெயர் சொல்லத் தெரியாத பெண். வயசு முப்பது இருக்கலாம். காசநோய்."

மெர்ல் மேடைப் படியில் தாவி ஏறி ஒலிபெருக்கிக்குக் கை நீட்டினார். மிஸஸ் ஸ்டக்கி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"உக்காரு மெர்ல்."

அரை நூற்றாண்டுக்கு முன்னால் அந்தக் குரலுக்கு உட்கார்ந்த உடம்பு. அறுபத்தோரு வயதிலும் அது யோசிக்காமல் உட்கார்ந்துவிட்டது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், உடனே அடங்கிவிட்டார்கள். எழுபத்தொரு பெயரும் வாசித்து முடிய இருபது நிமிஷம் ஆயிற்று. பாதியில் ஒரு பல்மருத்துவர் தொப்பியைக் கழற்றினார். ஐம்பத்தாறாம் எண்ணுக்குத் தன் குடும்பப் பெயர் வந்தபோது, மளிகைக்கடைக்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். தபாலாபீசில் பேசிய பெண் வாயைப் பொத்தியபடி நின்றாள். யாருடைய பெயரைக் கேட்டாளோ, சொல்லவில்லை.

அன்று எடுத்த படம் மாநிலத் தலைநகர்ப் பத்திரிகைவரை போனது. ஜூலையில் மாநில அரசின் ஆட்கள் மண்ணுக்குள் பார்க்கும் கருவியோடு வந்து அந்த இரண்டு ஏக்கரில் நாலு நாள் நடந்தார்கள். எழுபத்தொன்று இல்லை, எழுபத்தாறு குழிகள் என்றார்கள். எண் வைப்பதற்கு முன்னாலேயே ஐந்து பேரைப் புதைத்திருக்கிறார்கள் போலும். பன்றிக் கொட்டகைக் கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் வேறு கவுண்டிக்குப் போய்விட்டது. ஆர்டிஸின் மேலிருந்த வழக்கையும் கவுண்டி வழக்கறிஞர் கைவிட்டார். அதில் அவளுக்கு வருத்தம்தான். கூண்டில் ஏறிச் சொல்வதற்கு நிறைய ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

இத்தோடு விட்டிருந்தால் எல்லோரும் சமாதானமாகியிருப்பார்கள். ஏழைப் பண்ணைக்குப் பன்னிரண்டாவது பலகை வைக்கச் சபையே முன்வந்தது. வாசகத்தை மெர்ல் எழுதிக்கொண்டு வந்தார். "காலப்போக்கில் இங்கிருந்த அடையாளக் கற்கள் மறைந்தன."

"காலம் வந்து புடுங்கல" என்றாள் ஆர்டிஸ். "காலத்துக்கு கிரேடர் ஓட்டத் தெரியாது. நான் புடுங்கினேன். என் பேரப் போடு."

"ஒம் பேர வெண்கலத்துலயா? நூறு வருஷம் நிக்குமே. வெக்கமா இல்லியா ஒனக்கு?"

"வெக்கத்துக்குத்தான் போடச் சொல்றேன். ஆனா என்னோட நிறுத்தாத. கவுண்டி சபை உத்தரவு போட்டுச்சு, ஆர்டிஸ் ப்ரெம்மர் புடுங்கினா. ரெண்டும் வரணும். ஒண்ணு மட்டும் வந்தா நானே வந்து பலகையக் கழட்டுவேன். எனக்கு அந்த வேல நல்லாத் தெரியும்."

மூன்று கூட்டம் இழுத்தது. கடைசியில் இரண்டுக்கு ஒன்று என்று அவள் சொன்னபடி நிறைவேறியது. எதிர்த்த ஒரு கை மெர்லுடையது. அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அன்றே அறிவித்தார். அவள் முகத்தை அவர் அதற்குப் பிறகு நேராகப் பார்த்ததில்லை.

அக்டோபரில், சுற்றிலும் அறுவடை முடிந்து நிலம் வெறிச்சென்று கிடக்கையில், லாயிட்டும் ஆர்டிஸும் கட்டைகளை அளந்து குழி தோண்டி ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவின் எண் போட்ட கார் ஒன்று வந்து நின்றது. கைத்தடியோடு ஒரு பெண் இறங்கினாள். எண்பது வயதிருக்கும். பெயர் ரோவீனா க்ளைன் என்றாள். பத்திரிகையில் பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"லீனா வோர்ஹீஸ். எங்க பெரியம்மா. பத்தொன்பது வயசுல வீட்ட விட்டுப் போனவ. எங்கம்மா சாகற வரைக்கும் தேடினா. முப்பத்தெட்டாம் நம்பர்னு போட்டிருக்கு."

ஆர்டிஸ் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். முப்பத்தேழு இருந்தது, முப்பத்தொன்பது இருந்தது. நடுவில் வெறும் மண்.

"எடம் இதுதான். கல்லு கெடைக்கல."

"ஏன் கெடைக்கல?"

"நான் புடுங்கி ஓடையில போட்டேன். ஏழு காணாமப் போச்சு. அதுல உங்களோடதும் ஒண்ணு."

ரோவீனா அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தாள்.

"பேப்பர்ல போட்டிருந்த ஆளு நீதானா?"

"நான்தான்."

"மன்னிப்புக் கேக்கப் போறியா?"

"கேக்க மாட்டேன். கேட்டா, குடுக்கறதா வேணாமான்னு நீங்க யோசிக்கணும். இவ்வளவு தூரம் வந்த எடத்துல அந்தச் சொமையும் உங்களுக்கு எதுக்கு?"

லாயிட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு டிரெய்லர் பக்கம் நகர்ந்தார். ரோவீனா குனிந்து, முப்பத்தேழுக்கும் முப்பத்தொன்பதுக்கும் நடுவில் இருந்த மண்ணைக் கையால் தொட்டுப் பார்த்தாள். அழுவாள் என்று ஆர்டிஸ் நினைத்தாள். அவள் நிமிர்ந்தபோது முகத்தில் அழுகை இல்லை, வீம்பு இருந்தது.

"அந்த ஓடை எங்க இருக்கு?"

"ரெண்டு மைல். அம்மா, நாங்க பத்து நாள் தேடியாச்சு."

"நான் தேடலியே" என்றாள் ரோவீனா.

லாயிட்டின் பிக்கப்பில் மூவரும் போனார்கள். மடக்கு நாற்காலியைக் கரையில் விரித்து ரோவீனா உட்கார்ந்தாள். ஆர்டிஸ் பூட்ஸை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அக்டோபர் ஓடை எலும்புக்குள் ஏறிக் குத்தியது.

"அந்தப் பெரிய மரத்துக்குக் கீழ பாத்தியா?"

"பாத்தாச்சு."

"வேருக்கு அந்தப் பக்கம்?"

"அதுவும் பாத்தாச்சு."

"திரும்பப் பாரு."

ஆர்டிஸ் திரும்பவும் பார்த்தாள். பொழுது சாயும்வரை கைத்தடி காட்டிய இடமெல்லாம் கடப்பாரையால் குத்திப் பார்த்தாள். அன்று கிடைக்கவில்லை. ரோவீனா ஊரிலிருந்த விடுதியில் அறை எடுத்துத் தங்கினாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆர்டிஸ் ஓடைக்குப் போனபோது, அவளுக்கு முன்னாலேயே கரையில் நாற்காலி போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, கைத்தடியைத் தண்ணீரின் பக்கம் நீட்டியபடி ரோவீனா உட்கார்ந்திருந்தாள்.

"லேட்டா வர்றே" என்றாள்.